சக்கரம் சொல்லும் செய்தி

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. செம்பூரிலுள்ள எங்கள் குடியிருப்பின் வாயிலில் காரைத் திருப்பியபோது முன்புறத்திலிருந்து கரகரவென்று ஓர் ஓசை எழுந்தது. அம்மியின் மீது குழவியை வெறுமையாக இழுத்தால் எழுமே, ஏறக்குறைய அதே ஓசை. மழைநாளில் சக்கரத்தில் மணல் ஏறியிருக்கும், இரண்டு நாளில் தானே சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு வானொலியின் ஒலியைக் கூட்டினேன். அந்த ஒரு செயலை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரம் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் புனே செல்வதாக இருந்தோம். போகும்போது மலையேற்றம், திரும்பும்போது கண்டாலாவின் நீண்ட இறக்கம். அந்த இறக்கத்தில் காரின் முழு எடையையும் தாங்கி நிறுத்த வேண்டியவை முன்சக்கரங்களின் பிரேக்குகள்தாம். இதை மனைவி நினைவூட்டிய பிறகே ஓசையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினேன்.

அருகிலிருந்த ஒரு பணிமனைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் காரில் ஏறி ஒரு நிமிடம் ஓட்டினார். பிறகு குனிந்து சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்தார். “பிரேக் பேட் நன்றாகத்தான் இருக்கிறது. இது பியரிங் சத்தம். இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம்” என்று சொல்லி ஒரு பெருந்தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். சக்கரத்தை அவர் கழற்றவில்லை. காரை ஜாக்கியில் ஏற்றவும் இல்லை. பணத்தைக் கொடுக்கும் முன் இன்னொருவரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த இன்னொருவரைத் தேடித்தான் குர்லாவுக்குச் சென்றேன்.

கார்களை அறிந்த ஊர்

மும்பையில் காரின் உதிரி உறுப்புகளைத் தேடுவோர் குர்லாவை நாடுவதற்குக் காரணம் உண்டு. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை இங்கேதான், இன்று லால் பகதூர் சாஸ்திரி மார்க் என்று அழைக்கப்படும் பழைய ஆக்ரா சாலையை ஒட்டி அமைந்திருந்தது. முதலில் கிரைஸ்லர் நிறுவனத்தின் துணையோடு டாட்ஜ், பிளைமவுத் வண்டிகள் இங்கே பூட்டப்பட்டன. 1950களில் பியட் கார்கள் வந்தன. அந்த வரிசையில் வந்த பியட் 1100 பிற்காலத்தில் ‘பிரீமியர் பத்மினி’ என்னும் பெயர் பெற்று, கறுப்பும் மஞ்சளும் பூசிய வாடகைக் காராக நகரின் அடையாளமாகவே ஆயிற்று. கடைசிப் பத்மினி வாடகைக் கார் 2023 அக்டோபரில்தான் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றது.

ஆலை மூடப்பட்டு, அங்கே இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. ஆனால் குர்லாவிலிருந்து கலீனா நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பட்டறைகளும், கடைசல் இயந்திரக் கூடங்களும், பழைய உறுப்புகளை விற்கும் கடைகளும் இன்றும் நெருக்கமாக உள்ளன. கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை என்று காரின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே குவிந்து கிடப்பதை அங்கே காணலாம்.

குர்லாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. மித்தி ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம் இது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது பெருந்துயரைச் சந்தித்த பகுதிகளுள் குர்லாவும் ஒன்று. அத்தகைய பேரிடர் இல்லாத ஆண்டுகளிலும் கனமழை நாளில் இங்கே சாலையில் முழங்காலளவு நீர் நிற்பது வழக்கமே. எங்கள் காரும் ஓசை எழுவதற்கு இரண்டு வாரம் முன்பு அப்படியொரு நீரைக் கடந்து வந்திருந்தது. ஓசைக்கும் அந்த நீருக்கும் உறவு இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அண்ணாச்சியின் கேள்விகள்

நண்பர் காட்டிய பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. அதை நடத்துபவர் அறுபதைக் கடந்தவர். குடும்பம் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’தான். முந்தைய பணிமனையின் தாளை நீட்டினேன். அதை வாங்கிப் பாராமலே கேட்டார்:

“சத்தம் எப்போது வருகிறது, சார்?”

“ஓட்டும்போது வருகிறது, அண்ணாச்சி.”

“ஓட்டும்போது என்றால்? பிரேக்கை மிதித்தால் கூடுகிறதா, குறைகிறதா? இடது பக்கம் திரும்பும்போதா, வலது பக்கம் திரும்பும்போதா? வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? காலையில் முதலில் எடுக்கும்போது மட்டுமா?”

ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. பத்து நாள்கள் அந்த ஓசையோடு பயணம் செய்திருக்கிறேன். ஒருமுறைகூட அதைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

“மருத்துவரிடம் போய் வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கே, எப்போது என்று சொல்ல வேண்டாமா? எங்களுக்கும் அப்படித்தான்” என்றபடி காரில் ஏறி அமர்ந்தார். கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். வானொலியை அணைக்கச் சொன்னார். நீண்ட மதில் ஒன்றை ஒட்டி மெல்ல ஓட்டச் சொன்னார். சக்கரத்தின் ஓசை மதிலில் பட்டுத் திரும்பும்போது தெளிவாகக் கேட்கும் என்பது அவர் அனுபவம்.

ஓசைகள் ஐந்து

திரும்பி வந்த பின் அவர் விளக்கியவற்றை வாசகர்களுக்குப் பயன்படும் வகையில் தொகுத்துத் தருகிறேன். சக்கரத்தருகே எழும் ஓசைகளில் பெரும்பாலானவை ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, பிரேக்கை மிதிக்கும்போது எழும் அல்லது கூடும் ஓசை. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை, அதாவது டிஸ்கை, இருபுறமும் நெருக்கிப் பிடிப்பவை பிரேக் பேடுகள். புதிய பேடில் உராயும் பூச்சு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில், பூச்சு குறைந்ததும் டிஸ்கில் உரசிக் கிறீச்சிடும் சிறு தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கிறீச்சொலி எச்சரிக்கை. அதைப் புறக்கணித்தால் பூச்சு முழுவதும் தீர்ந்து, பேடின் இரும்பு முதுகு டிஸ்கின் மீதே உராயும். அப்போது எழுவதுதான் கரகரவென்று அரைபடும் ஓசை. இந்த நிலையில் காரை ஓட்டுவது ஆபத்து.

இரண்டாவது, வேகத்தோடு கூடும் முனகல் அல்லது ரீங்காரம். இது சக்கர பியரிங்கின் ஓசை. பிரேக் மிதிப்பதால் இது பெரிதும் மாறாது. வளைவில் திரும்பும்போது மாறும். இடப்புறம் திரும்பினால் காரின் எடை வலச் சக்கரங்களின் மீது சாயும். அப்போது ஓசை கூடினால் வலப்புற பியரிங்கை ஐயுற வேண்டும். வலப்புறம் திரும்பும்போது கூடினால் இடப்புறத்தை. தேய்ந்த டயரும் இதைப் போலவே முனகும் என்பதால், டயரின் மேற்பரப்பைக் கையால் தடவி மேடுபள்ளம் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, தகரம் உரசுவது போன்ற மெல்லிய ஓசை. டிஸ்கின் பின்னால் தூசி படாமல் காக்கும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதற்கும் டிஸ்குக்கும் இடையே சிறு கல் சிக்கினாலும், தகடு சற்று வளைந்தாலும் பேரோசை எழும். கல்லை எடுத்து, தகட்டை நிமிர்த்தினால் போதும். உறுப்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நான்காவது, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது கேட்கும் கடகட ஒலி. முன்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் அச்சின் மூட்டு தேய்ந்ததன் அறிகுறி இது. அந்த மூட்டை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண்ணும் நீரும் புகுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஐந்தாவது, கவலை தேவையற்ற ஓசை. இரவெல்லாம் மழையில் நின்ற காரின் டிஸ்கில் மெல்லிய துருப்படலம் படியும். காலையில் முதல் நான்கைந்து முறை பிரேக் மிதிக்கும்போது அது உராய்ந்து நீங்கும். அதன் பிறகும் ஓசை தொடர்ந்தால் மட்டுமே காரணத்தைத் தேட வேண்டும்.

இயந்திரத்திலிருந்து வரும் ஓசையா, சக்கரத்திலிருந்து வரும் ஓசையா என்ற ஐயம் எழுந்தால், போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் செல்லும்போது கியரை நியூட்ரலுக்கு மாற்றிக் கேட்கலாம். இயந்திரத்தின் சுழற்சி குறைந்தும் ஓசை மாறாதிருந்தால் அது சக்கரத்தைச் சார்ந்தது. ஓடும் காரின் இயந்திரத்தை அணைத்துவிட்டு மட்டும் இச்சோதனையைச் செய்யக் கூடாது. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை அற்றுப்போகும்.

மறைந்திருந்த பேட்

எங்கள் காரின் ஓசை பிரேக்கை மிதித்ததும் பெருகியது; வளைவில் மாறவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் அண்ணாச்சி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு சென்றார், தொடவில்லை. இடது முன்சக்கரத்தில் மட்டும் வெப்பம் மிகுதியாக இருந்தது.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கினார். அதோடு நில்லாமல், காரின் அடியில் இரும்புத் தாங்கியையும் நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை வைப்பவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். சக்கரத்தின் மேலும் கீழும் இரு கைகளால் பற்றி அசைத்தார், ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் பற்றி அசைத்தார், அதிலும் இல்லை. சுருள்வில்லின் மீது ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினார். பியரிங் தேய்ந்திருந்தால் அந்த வில்லில் அதிர்வு தெரியுமாம். “பியரிங் நன்றாக இருக்கிறது, சார். அதைத் தொட வேண்டாம்” என்றார்.

சக்கரத்தைக் கழற்றியதும் குறை வெளிப்பட்டது. வெளிப்புற பேடில் பூச்சு பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. முந்தைய பணிமனையின் இளைஞர் கண்டது அதைத்தான். உட்புற பேடிலோ பூச்சே இல்லை. வெறும் இரும்பு டிஸ்கின் மீது உராய்ந்து, அதன் உட்புற முகத்தில் ஆழமான வரிகளை இழுத்திருந்தது.

ஒரே சக்கரத்தில் ஒரு பேட் மட்டும் ஏன் தேய்ந்தது? பேடுகளைத் தாங்கும் காலிபர் என்னும் பகுதி இரண்டு வழிகாட்டி முளைகளின் மீது வழுக்கி நகர வேண்டும். பிரேக்கை மிதித்ததும் உட்புற பேடை பிஸ்டன் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிபர் நகர்ந்து வெளிப்புற பேடை இழுத்துப் பிடிக்கும். எங்கள் காரில் அந்த முளைகளின் ரப்பர் உறை முன்பே வெடித்திருந்தது. நாளடைவில் அதன் வழியே ஈரம் புகுந்து துரு பிடித்திருந்தது. குர்லாவின் வெள்ளநீர் மிச்சமிருந்த கிரீஸையும் கழுவிவிட, முளைகள் இறுகிவிட்டன. காலிபர் நகரவில்லை. முழு உழைப்பும் உட்புற பேடின் தலையில் விழுந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தெரிந்திருக்கும்.

“இரண்டு பியரிங்கையும் மாற்றிக்கொண்டு புனேவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இறங்கி வருவதுதான் கேள்வி” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

செய்த பணி

டிஸ்கின் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்தார். ஒவ்வொரு டிஸ்கிலும் அதற்குரிய குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். வரிகள் ஆழமில்லாதிருந்தால் கடைசல் இயந்திரத்தில் இட்டுச் சமப்படுத்தலாம். ஆனால் கடைந்த பிறகும் அந்த அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எங்கள் டிஸ்க் அதற்கு இடம் தரவில்லை. எனவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புதிய டிஸ்குகளும் புதிய பேடுகளும் வாங்க நேர்ந்தது. பிரேக் பேடுகளை ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் பிரேக் மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். பியரிங்குக்கு அந்த விதி இல்லை. கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.

துருப்பிடித்த முளைகளையும் கிழிந்த உறைகளையும் மாற்றி, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைத் தடவினார். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்துவிடும். பிரேக்கில் படிந்த தூசியை வாயால் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

சக்கரங்களைப் பூட்டியதும், காரை நகர்த்தும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, மிதி உறுதியாக நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். புதிய பேட் பொருத்தியவுடன் முதல் மிதிப்பில் பிரேக் பிடிக்காது. இதை மறந்து காரை எடுத்தவர்கள் சுவரில் மோதியதுண்டு. முதல் 200 கிலோமீட்டர் வரை திடீரெனப் பிரேக் மிதிப்பதைத் தவிர்க்கவும், 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பார்க்கவும் சொன்னார். மொத்தச் செலவு, முதலில் எழுதித் தரப்பட்ட தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை.

பழையதை எங்கே வாங்கலாம், எங்கே கூடாது

சி.எஸ்.டி. சாலையிலேயே மலிவாகப் பழைய டிஸ்க் கிடைக்காதா என்று கேட்டேன். அண்ணாச்சி தலையசைத்து மறுத்தார். “கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் பழையது வாங்கலாம். காரை நிறுத்துகிற உறுப்பையும், சக்கரத்தைத் தாங்குகிற உறுப்பையும் பழையதாக வாங்கக் கூடாது” என்றார். பேட், டிஸ்க், பியரிங், பிரேக் குழாய் ஆகியவை இந்த வகை. புதியவற்றிலும் போலிகள் உண்டு. ஆகவே பொட்டலத்தின் மீதுள்ள அச்சு, உறுப்பு எண், விலை ஆகியவற்றைச் சரிபார்த்து, ரசீதோடு வாங்குவதே முறை. மாற்றிய பழைய உறுப்பைக் காட்டும்படி கேட்பது உரிமையாளரின் உரிமை; நல்ல பட்டறைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

செலவும் சேமிப்பும்

வெள்ளத்தால் வந்த செலவுதானே, காப்பீடு தராதா என்ற கேள்வி வாசகர்களுக்கு எழலாம். சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுமையான காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும்; மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு அது கிடைக்காது. ஆனால் நாளடைவில் தேயும் உறுப்புகளுக்கு முழுமையான காப்பீட்டிலும் இழப்பீடு இல்லை. பிரேக் பேடின் தேய்மானம் அந்த வகையைச் சேர்ந்தது. நீரில் நின்றுபோன காரை மீண்டும் கிளப்ப முயன்று இயந்திரம் கெட்டால், அதற்கெனத் தனியான கூடுதல் பாதுகாப்பு எடுத்திராதவர்களின் கோரிக்கை பெரும்பாலும் மறுக்கப்படும். ஆகவே நீரில் கார் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாமல், இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே நன்று.

கார்க் கடன் வாங்கும்போது மாதத் தவணையைக் கணக்கிடுகிறோம், எரிபொருளைக் கணக்கிடுகிறோம். பராமரிப்பை மட்டும் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். தவணையோடு சேர்த்து ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் ஒதுக்கி வந்தால், பேடும் டயரும் மாற்ற வேண்டிய நாளில் கை தளராது. பணம் இல்லை என்பதற்காகப் பிரேக்கைத் தள்ளிப்போடும் நிலையும் வராது. ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறையும், முடிந்த பின் ஒருமுறையும் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்க்கச் செய்வது மும்பை போன்ற நகரில் இன்றியமையாதது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அச்சாணியைப் போலவே, எங்கள் காரில் கெட்டுப்போன முளையும் விரலளவுதான்.

புனேவில் மகளை விடுதியில் சேர்த்துவிட்டு மறுநாள் பிற்பகல் திரும்பினோம். கண்டாலா இறக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. கியரைக் குறைத்து, பிரேக்கை அளவோடு மிதித்து இறங்கினேன். வானொலியைப் போடட்டுமா என்று மனைவி கேட்டார். கீழே இறங்கிய பிறகு போடலாம் என்றேன். சமவெளியை அடையும் வரை டயர்கள் ஈரச்சாலையில் ஓடும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.